சீப்ஸ்டாட்: 50 மைக்ரோஅம்பியருக்குள் பிளாற்றினம் எவ்வளவு காட்டும்?

உயர்தர இரசாயனம் படிப்பிக்கிற ஆக்களுக்கு இது உதவும். சீப்ஸ்டாட் என்பது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் வடிவமைத்த பொட்டென்சியோஸ்டாட், அதாவது கரைசலில் உள்ள மின்வாயின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி. 2011இலேயே சுற்றுப்படம், மென்பொருள் எல்லாவற்றையும் திறந்து விட்டார்கள், செலவு 80 டொலருக்கும் குறைவு என்று அப்போது கணக்குக் காட்டினார்கள். சோல்டர் பிடிக்கிற தம்பி ஒருவர் கட்டித் தந்ததை இங்கே யாழ்ப்பாணத்தில் ரியூசன் கொட்டிலில் பாவிக்கிறேன்.

நல்ல சாமான். ஒரு துண்டு பிளாற்றினக் கம்பியை ஐதான சல்பூரிக்கமிலத்தில் விட்டு மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி இறக்கினால், மின்னோட்ட வரைபில் குறைந்த மின்னழுத்தப் பக்கத்தில் ஐதரசன் அணுக்கள் உலோகத்தில் ஒட்டிக் கழரும் இரட்டை மேடு வரும், மின்னழுத்தம் ஏற ஏற ஒட்சைட்டுப் படை எழும்பும். அந்த ஐதரசன் மேட்டுக்குரிய மின்னேற்றத்தைச் சதுர சென்ரிமீற்றருக்கு 210 மைக்ரோகூலோம் என்ற பெறுமானத்தால் பிரித்தால் கம்பியின் உண்மையான மேற்பரப்பே கையில் வந்துவிடும், பிள்ளைகள் புறத்துறிஞ்சலை (மேற்பரப்பில் ஒட்டுவதை) பாடமாக்காமல் விளங்கிக்கொள்கிறார்கள், எனக்கு அது பெரிய சந்தோசம்.

ஒன்று, பாத்திரத்தைக் கிணற்றுத் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். எங்கட தண்ணீரில் குளோரைட்டு இருக்கு, அது பிளாற்றினத்தில் ஒட்டி ஒட்சைட்டு மேட்டை அமுக்கிவிடும். காய்ச்சி வடித்த நீரால் பல தரம் அலச வேண்டும்.

இந்தக் கருவியில் மின்னழுத்தம் 0.99 வோல்ற்றுக்கு மேல் போகாது, மின்னோட்டம் 50 மைக்ரோஅம்பியரோடு நின்றுவிடும். ஐதரசன் குமிழி பறக்க ஊக்கியைச் சோதிக்க இது ஆகாது.

இன்னொன்று, இதில் வருவது மொத்த மின்னோட்டம். அதில் மேற்பரப்பின் பங்கு எது, கரைசலில் நடக்கும் தாக்கத்தின் பங்கு எது என்று பிரிக்க ஏலாது. அதே பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக் குழு ஒன்று 2015இல் இதற்கு வழி காட்டியது: ஏறத்தாழ 2 நனோமீற்றர் தடிப்புள்ள பிளாற்றினக் கம்பிகளைச் சிப் ஒன்றில் இரண்டு மின்வாய்களுக்கு இடையே பரப்பி, தாக்கம் நடக்க நடக்கவே கம்பிக்குள்ளால் ஓடும் மின்னோட்டத்தையும் வேறாக அளந்தார்கள். அவ்வளவு மெல்லிய கம்பியில் ஒட்சிசன் வந்து ஒட்டினால் உள்ளே போகும் இலத்திரன்கள் சிதறி, கடத்துதிறன் விழும். ஆக அந்த இரண்டாவது அளவீடு மேற்பரப்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு கெட்டித்தனமான யோசனை! அதற்கு இன்னொரு அளவுச் சுற்று வேண்டும், சீப்ஸ்டாட்டில் அது இல்லை.

சரி, கட்டலாமா? படிப்பிக்க என்றால் கட்டாயம் கட்டுங்கள். ஆனால் பிளாற்றினக் கம்பிக்கும் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வேண்டிய வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டு மின்வாய்க்கும் முதலே காசு ஒதுக்கி வையுங்கள்.