20 பை மாடித்தோட்டத் தொகுப்பு: பணம் கட்டுவதற்கு முன்னால் தராசை எடுங்கள்

"20 பை, கோகோபீட், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, 10 வகை நாட்டு விதை. மண்ணே வேண்டாம். சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் தோட்டம் ரெடி." விலை ₹4,800, வீட்டுக்கே டெலிவரி. இந்த விளம்பரத்தை நம்பி வாங்கிய தொகுப்பு ஒன்றைப் பிரித்து, எடை போட்டு, அளந்து பார்த்ததில் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறோம். விற்றவர் பெயர் வேண்டாம். இதே கணக்கில் தொகுப்பு போடும் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மோசடி பொருளில் தொடங்கவில்லை, கணக்கிலேயே தொடங்குகிறது. 12க்கு 12 அங்குல வட்டப் பை என்றால் விட்டம் 30 செ.மீ., உயரம் 30 செ.மீ. தண்ணீர் ஊற்ற மேலே 5 செ.மீ. விட்டால் ஒரு பைக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கலவை வேண்டும். 20 பைக்கு 360 லிட்டர். தொகுப்பில் சொன்னது 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கட்டி மூன்று, மண்புழு உரம் 20 கிலோ. நல்ல கட்டி ஒன்று ஊறினால் 65 லிட்டர் வரும், ஆக 195. உரம் 20 கிலோ என்பது 25 லிட்டர்தான். எல்லாமே நேர்மையான சரக்காக இருந்தாலும் 220 லிட்டர். 12 பை நிரம்பும், மீதி 8 பை மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கும். இது அச்சடித்த விளம்பரத்திலேயே இருக்கிறது. யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். உண்மையில் வந்த சரக்கு 9 பைக்குக்கூடக் காணவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பை. "220 ஜிஎஸ்எம், யுவி, 5 வருடம் தாங்கும்" என்று போட்டிருந்தது. யுவி என்றால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் துணி. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். இந்த அளவுப் பைக்குச் சுவரும் அடியும் சேர்த்து 0.35 சதுர மீட்டர் துணி போகும். 220 ஜிஎஸ்எம் என்றால் துணி மட்டும் 78 கிராம். கைப்பிடி, மடிப்பு, தையல் சேர்த்தால் 80க்கு மேல் போக வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தால் 54 கிராம் காட்டியது. ஒரு பையைப் பலி கொடுத்து 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக வெட்டி, தெரிந்த நகைக்கடையில் எடை போட்டதில் 1.4 கிராம். நூறால் பெருக்கினால் 140 ஜிஎஸ்எம். விற்றவர் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

இன்னொன்று, தையல் நூல். நூல் நுனியைத் தீக்குச்சியில் காட்டுங்கள். உருகிச் சின்ன மணி போல உருண்டால் செயற்கை நூல். கருகிச் சாம்பலானால் பருத்தி. ஈரக் கலவையில் ஒரே மழைக்காலத்தில் மக்கி, பையின் அடி கழன்றுவிடும். வந்ததில் பக்கத் தையல் செயற்கை நூல், அடித் தையல் பருத்தி. எடை முழுக்கத் தாங்குவது அடித் தையல்தான்!

அடுத்து கோகோபீட். இதில்தான் செடி சாகும். 5 கிலோ என்று அச்சிட்ட மூன்று கட்டிகளையும் கொக்கித் தராசில் தொங்கவிட்டால் 4.3, 4.1, 4.4. சரி, எடை குறைவு என்று விட்டுவிடலாம். ஆனால் உடைத்த துண்டு 100 கிராமை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தபோது 70 கிராமாகிவிட்டது. நல்ல கட்டியில் ஈரப்பதம் 18, 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே 30 சதவீதம் தண்ணீருக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். ஒரு கட்டி ஊறிக் கொடுத்தது 46 லிட்டர்.

இதைவிடப் பெரிய கேடு உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம், குளோரைடு உண்டு. கழிமுகத் தண்ணீரில் ஊறவைத்த மட்டை என்றால் இன்னும் கூடும். கழுவிய சரக்கை "லோ ஈசி" (ஈசி என்பது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன்) என்று தனியாக விற்பார்கள், விலையும் கூடுதல். கழுவாததைத் தொகுப்புக்குள் தள்ளிவிட்டால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வாரம் பத்து நாளில் நாற்றின் இலை ஓரம் பழுப்பாகிக் கருகும், கலவையின் மேல் வெள்ளையாகப் பூக்கும். கேட்டால் "நீங்கள் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள்" என்பார்கள்.

சோதிக்க, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு சாதாரண டிடிஎஸ் மீட்டர் போதும். ஒரு துண்டைக் கேன் தண்ணீரில் ஊறவைத்து உதிருங்கள். ஊறியது 2 டம்ளர், கேன் தண்ணீர் 3 டம்ளர், கலக்கி அரை மணி நேரம் விட்டுத் துணியில் வடிகட்டி அளக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஆகாது. பல ஊர்களில் அந்தத் தண்ணீரே ஆயிரத்தைத் தொடும். கேன் தண்ணீரின் அளவைக் கழித்த பிறகு 250 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 250 மில்லிகிராம்) இருந்தால் நல்ல சரக்கு, இதுதான் 0.5 ஈசி. 750ஐத் தாண்டினால் கழுவாமல் தொடாதீர்கள். வந்த கட்டி காட்டியது 1,100.

மாட்டிக்கொண்டவர்கள் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு கட்டியை 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, அரிசிச் சாக்கில் கட்டி, பழுப்புச் சாயம் இல்லாத தண்ணீர் வடியும் வரை மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். தண்ணீர் மட்டும் போதாது. நாரில் ஒட்டிய சோடியம் அலசலில் இறங்காது, அதை வெளியே தள்ளக் கால்சியம் வேண்டும். 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20 லிட்டரில் கரைத்து, சாக்கோடு ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் ஒருமுறை அலசிப் பிழிந்தால் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வாங்கியிருந்தால் முதல் மூன்று அலசலையும் மழையிடம் விட்டுவிடலாம், சாக்கை மாடியில் விரித்து வைத்தால் போதும். ஆக, "ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ரெடி" என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

மண்ணே வேண்டாம் என்ற பேச்சும் ஏமாற்றுதான். நார்க்கழிவில் கார்பனும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) 112க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்கவைத்தால் 24க்கு 1 ஆக இறங்கும். இந்தத் தொகுப்பின் கணக்கில் மக்காத நார் எட்டுப் பங்கு, உரம் ஒரு பங்கு என்று நிரப்பினால், இருக்கிற தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொண்டு செடி மஞ்சளிக்கும். செம்மண், நார்க்கழிவு, உரம் சம பங்கு என்பதே காய்கறிக்குச் சரியாக வரும். 20 பைக்கு ஒவ்வொன்றும் 120 லிட்டர். அதாவது இரண்டு நல்ல கட்டி, உரம் ஏறக்குறைய 95 கிலோ. அவர்கள் கொடுத்தது 20 கிலோ.

அந்த 20 கிலோவாவது உரமா? உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 மண்புழு உரத்துக்கு அளவு வைத்திருக்கிறது: கன அடர்த்தி (ஒரு லிட்டரின் எடை, கிலோவில்) 0.7 முதல் 0.9, ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம், கரிமக் கார்பன் குறைந்தது 18 சதவீதம், தழைச்சத்து 1 சதவீதம். கார்பனை வீட்டில் அளக்க முடியாது, அடர்த்தியை அளக்கலாம். ஒரு லிட்டர் குவளையில் தலை தட்டி நிரப்பி எடை போடுங்கள். 700 முதல் 900 கிராம் இருக்க வேண்டும். வந்தது 1,200 கிராம். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கியபோது பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒரு விரற்கடை மணல் படிந்தது. நல்ல உரம் அவ்வளவு சீக்கிரம் தெளியாது. ஏரி வண்டலும் சாணித்தூளும் சலித்துக் கலந்தால் நிறம் அச்சு அசல் மண்புழு உரம்தான். கையில் தேய்த்தால் நறநறக்கும்.

வேப்பம் புண்ணாக்கில் கசப்பு வாடை இல்லை, மரத்தூள்தான் அதிகம். விதைப் பொட்டலங்களில் குவியல் எண் (லாட் நம்பர்), சோதனைத் தேதி, முளைப்புத் திறன் எதுவுமே இல்லை, கையெழுத்தில் "தக்காளி" என்று மட்டும். ஈரத் துணியில் 20 விதை வைத்துப் பாருங்கள். விதைத்தர அளவுப்படி தக்காளி, கத்தரி 14, வெண்டை 13, மிளகாய் 12 முளைக்க வேண்டும். இரண்டு வாரம் பொறுத்தும் கத்தரியில் முளைத்தது 5.

விற்றவரிடம் கேட்டால் முதலில் "எல்லோருக்கும் இதேதான் அனுப்புகிறோம்" என்று பதில், பிறகு பதிலே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். பொட்டலத்தில் அச்சிட்ட எடை குறைந்தால் அது தனிக் குற்றம், தொழிலாளர் துறையின் எடையளவு அலுவலர் பார்ப்பார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. எங்கே போனாலும் ஆதாரம் கேட்பார்கள். எனவே பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், தராசின் எண் தெரிய வேண்டும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோகோபீட் ஒரு கட்டி, உரம் ஒரு மூட்டை, விதை ஒரு பொட்டலம் பிரிக்காமல் தனியே இருக்கட்டும். எல்லாவற்றையும் கலந்து பையில் கொட்டிவிட்டால் எது யாருடைய சரக்கு என்று பிறகு நிரூபிக்க முடியாது.