வேகம் உண்டு, பராமரிப்பு இல்லை: ஒரு ஃபைபர் இணையச் சேவை

வேகத்தைப் பொறுத்தவரை இந்த பிராட்பேண்ட் சேவையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மரக்கிளைகளை உரசியபடி கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிளை அணில்கள் கடித்துவிடுவதும், மோடத்தில் சிவப்பு விளக்கு எரிவதும் வாடிக்கையாகிவிட்டன.

இதற்கு அணிலைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. கொறிக்கும் விலங்குகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றைத் தேய்க்க அவை எதையாவது கொறித்தாக வேண்டும். கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையோ, மேற்பூச்சு நீங்கலாக, 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமன்தான். நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. எஃகு நாடா சுற்றிய கவசக் கேபிள்கள் சந்தைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கிளைகளை வெட்டி ஒதுக்கினாலே பாதித் தொல்லை தீரும், அதுவும் நடக்கவில்லை.

பழுதுபார்க்க வந்த ஊழியர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஏணியில் ஏறி, கடிபட்ட இடத்தைக் கண்டுபிடித்து, இழைகளை உருக்கிப் பொறுமையாக ஒட்டிக் கொடுத்தார். ஆனால் ஒட்டிய இழைகளை வைத்து மூடும் இணைப்புப் பெட்டியின் மூடி விரிசல் விட்டு, டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. உள்ளே எறும்புகள் மண் சேர்த்திருந்தன, இழைகள் நெரிபட்டு வளைந்து கிடந்தன. இழை அளவுக்கு மீறி வளைந்தாலே, தகவலைச் சுமந்து செல்லும் ஒளி கசிந்து இணைப்பு தடுமாறும். மாற்றுவதற்குப் புதிய பெட்டி அவரிடம் கொடுத்தனுப்பப்படவில்லை.

கவசக் கேபிள் போடும்வரை, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இதை ஒரே இணைப்பாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.