மிஷனரிகளைப் பார்க்கக் கம்போடியா போன பயணம்: ஏஜென்ட் எப்படி?

எங்கள் சபையிலிருந்து பதினோரு பேர், புனோம் பென்னில் ஊழியம் செய்யும் ஒரு மிஷனரி குடும்பத்தைப் பார்க்கப் போனோம். டிக்கெட், ஹோட்டல், வேன் எல்லாம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு ஏஜென்ட் ஏற்பாடு. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை, அங்கே நேரம் நம்மைவிட 1 மணி பின்னால், கிழிந்த டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள் என்று எல்லாவற்றையும் முன்பே பொறுமையாகச் சொன்னார். வேனும் சுத்தம்.

ஆனால் 3 நாளில் ஆறு இடம் என்று போட்டது பெரிய தப்பு, நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டோம். அந்த மிஷனரி குடும்பத்து அக்கா பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பை நிறுத்திவிட்டு, எங்களுக்குச் சமைத்து, போகிற இடமெல்லாம் கெமர் மொழியில் எங்களுக்காகப் பேசி, ராத்திரி சுவரில் சாய்ந்து கண்மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது. கடைசி நாள் எங்கும் போகவில்லை. அவரோடு உட்கார்ந்து தமிழில் ஜெபித்தோம், கொண்டுபோன பாபாஸ் கறித்தூளைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டார், தமிழில் வாய்விட்டுப் பேசி மாதக்கணக்கில் ஆகிறதாம்.

இதே ஏஜென்டிடம் மறுபடியும் போவேன். நாலு பேராக, சாப்பாட்டை வெளியே வைத்துக்கொண்டு, ஒரு நாளை வெறுமனே விடச் சொல்லி.