சூடானால் நிற்கும் பழைய பெட்ரோல் ஜெனரேட்டர்: கார்பரேட்டரை மாற்றச் சொன்னால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

பழைய பெட்ரோல் ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, புல் வெட்டும் மெஷின், ஸ்பிரேயர் என்று எதை வைத்திருந்தாலும், பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் யாரோ ஸ்விட்சைத் தட்டிவிட்டது போல நிற்கிறது, ஆறவிட்டால் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. இந்த ஒரே கோளாறை வைத்து ஒரு சர்வீஸ் பட்டறை என்னிடம் கறந்தது கொஞ்சநஞ்சமில்லை.

என் ஜெனரேட்டரைக் கொண்டுபோனபோதே தெளிவாகச் சொன்னேன். லோடு போட்டு அரை மணி நேரம் போல ஓடினால் நிற்கும், ஆறினால் ஓடும் என்று. மெக்கானிக் கயிற்றை இழுத்தார், கிளம்பியது, சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டு "கார்பரேட்டர் அடைப்பு சார், மாத்திடலாம்" என்றார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்தான் கார்பரேட்டர். அதை மாற்றியும் அதே கதை. திரும்பக் கொண்டுபோனால் பிளக், பெட்ரோல் வால்வு, ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள், அப்புறம் பிளக்குக்குத் தீப்பொறிக்கான கரண்ட் கொடுக்கும் காயிலுக்கும் பில் போட்டார்கள், அதற்குப் பிறகும் நின்றது. கடைசியில் பட்டறைக்காரர், "இஞ்சின் தேஞ்சு போச்சு சார், கம்ப்ரஷனே இல்ல, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, இதை நாங்களே எடுத்துக்கிறோம், புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க" என்று முடித்துவிட்டார் (கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம்). இத்தனைக்கும் ஒரு தடவைகூட அதைச் சூடாகி நிற்கும்வரை அங்கே ஓடவிட்டுப் பார்க்கவில்லை. ஆறிய இஞ்சினில் சோதித்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், கோளாறே சூட்டில்தானே வருகிறது!

சந்தேகம் வந்து நானே விசிறிக் கவரைக் கழற்றினேன். காயிலைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளின் தலையிலும் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்தது. போல்ட் உட்காரும் விளிம்பில் பெயிண்டில் ஒரு கீறல்கூட விழவில்லை, சுற்றிலும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பாக இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் பில்லில் 'புது காயில், மாற்றுக் கூலி' என்று எழுதியிருக்கிறது. போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினால், "பையன் மறந்திருப்பான்" என்கிறார். சரி, மாற்றியதாகச் சொன்ன மற்ற பழைய பாகங்களாவது எங்கே என்றால், குப்பையில் போட்டாச்சாம். பணத்தைத் திருப்பித் தரவே இல்லை. தெரியாமல் செய்த தப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், செய்யாத வேலைக்குக் காசு வாங்கிவிட்டு நல்ல இஞ்சினைத் தேய்ந்ததென்று சொல்லிப் பிடுங்கப் பார்த்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இனி, அவர்கள் செய்திருக்க வேண்டிய சோதனை. முதலில் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். திக்கித் திணறி, ஏறி இறங்கி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். சட்டென்று நின்றால் கரண்ட் பக்கம். நின்ற உடனே டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் (சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் சிந்தாமல்). உஸ்ஸென்று காற்று உள்ளே போய், ஆறக் காத்திருக்காமலே கிளம்பினால் மூடியிலுள்ள காற்று ஓட்டைதான் அடைத்திருக்கிறது. டேங்க்குக்குள் காற்று போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது.

அடுத்து ஸ்பார்க், அதாவது பிளக்கில் வரும் தீப்பொறி. பிளக்குக்கும் பிளக் கேப்புக்கும் நடுவில் மாட்டுகிற சின்ன டெஸ்டர் கிடைக்கும், அதை மாட்டியே ஓடவிடுங்கள். நின்றதும் ஆறவிடாமல் கயிற்றை இழுத்துப் பாருங்கள். டெஸ்டரில் நல்ல வெளிச்சம் தெரிந்தால் காயிலைத் தொடவே வேண்டாம். வெளிச்சம் இல்லை என்றால், காயிலிலிருந்து ஆஃப் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு உடனே மறுபடி இழுங்கள். இப்போது ஸ்பார்க் வந்தால் காயில் நல்லது. அந்த வயர் எங்கோ உரசி இஞ்சின் பாடியில் படுகிறது, அல்லது ஸ்விட்ச் போயிருக்கிறது, அல்லது ஆயில் குறைந்தால் இஞ்சினை நிறுத்தும் சென்சார் தப்பாக வேலை செய்கிறது. பழைய வயரின் மேலுறை சூட்டில் இளகி ஒட்டுவது ரொம்ப சகஜம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், அந்த வயர் கழன்றிருக்கும்போது ஸ்விட்ச் வேலை செய்யாது, சோக்கை (கார்பரேட்டருக்குள் போகும் காற்றை அடைக்கும் தகடு) மூடியோ பெட்ரோலை அடைத்தோதான் நிறுத்த முடியும். சோதனை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள். ஓடவிடுவதெல்லாம் திறந்த வெளியில்தான், புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

வயரைக் கழற்றியும் ஸ்பார்க் வராவிட்டால் பிளக் கேப்பை மாற்றிப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் காயில்தான். என்னுடையதும் அதேதான். காயிலுக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். எங்காவது ஓரிடம் விட்டுப்போயிருந்தால் சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் திரும்பத் தொட்டுக்கொள்ளும். மல்டிமீட்டரில் அளந்தேன். ஆறியிருக்கும்போது சில கிலோ ஓம் மின்தடை காட்டியது. கழற்றி மேஜையில் வைத்து ஹேர் டிரையரால் சூடு காட்ட, எண் தடுமாறித் தடுமாறி ஏறி, ஒரு கட்டத்தில் இணைப்பே இல்லை என்று காட்டிவிட்டது. கண்ணெதிரே பார்த்தபோது ஆத்திரமாக வந்தது, இது எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய சோதனை. ஆனால் எலக்ட்ரானிக் காயிலில் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் சூட்டில் செயலிழந்தால் மீட்டரில் தெரியாமல் போகலாம், அங்கே நின்ற கையோடு பார்க்கும் ஸ்பார்க் சோதனைதான் பேசும். 1980களுக்கு முந்தைய பல இஞ்சின்களில் ஸ்பார்க்குக்காகக் கரண்டை வெட்டிவிடும் பாயிண்ட்டும் அதோடு சேர்ந்த கன்டென்சரும் இருக்கும், கன்டென்சரும் இதே மாதிரி சூட்டில் கைவிடும்.

புது காயில் போடும்போது ஃப்ளைவீலில் (இஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) உள்ள காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். பல சின்ன இஞ்சின்களுக்கு 0.25 மில்லிமீட்டர் அளவில் வரும், உங்கள் மாடலுக்கு என்ன என்று கையேட்டில் பாருங்கள். அப்படியே சிலிண்டரைச் சுற்றியுள்ள, சூட்டை வெளியேற்றும் தகடுகளான கூலிங் ஃபின்களையும் சுத்தம் செய்யுங்கள். என்னுடையதில் விசிறிக் கவருக்கு அடியில் புல்லும் மண்ணும் அடைத்து, பாதி ஃபின்களுக்குக் காற்றே போகவில்லை. அதைச் சுத்தம் செய்யாமல் புது காயிலைப் போட்டாலும் அந்தச் சூட்டில் அது சீக்கிரம் போகும்.

கம்ப்ரஷன் கதைக்கு வருகிறேன். வால்வுக்கு விடும் சின்ன இடைவெளி (வால்வு கிளியரன்ஸ்) குறைந்திருந்தால் சூட்டில் வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் போவது நிஜமாகவே நடக்கும். ஆனால் அப்படிச் சொல்பவர் வால்வு கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்திருக்க வேண்டும், கேஜ் மாட்டிக் கம்ப்ரஷனை அளந்து காட்டியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

ஆகவே பட்டறையில் கறாராகக் கேளுங்கள்: லோடு போட்டு, நிற்கும்வரை ஓடவிட்டு, நின்ற நிமிடத்தில் ஸ்பார்க் இருக்கிறதா இல்லையா என்று என் முன்னால் காட்டுங்கள், அப்புறம் எந்தப் பாகம் என்று பேசலாம். நேரமில்லை என்றால் வேறு பட்டறை பாருங்கள். மாற்றிய பழைய பாகம் அத்தனையும் கைக்கு வர வேண்டும், பில்லில் பாகத்தின் எண் இருக்க வேண்டும். மெஷினைப் பட்டறையில் விடும் முன் காயில், கார்பரேட்டர் போல்ட்டுகளின் தலையிலிருந்து பாடி வரைக்கும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துப் போட்டோ எடுத்துவையுங்கள். கழற்றி மாட்டினால் அந்தக் கோடு பெரும்பாலும் ஒன்றோடொன்று சேராது.