பட்டினி, மாத்திரை, வள்ளிக்கிழங்கு: நீண்ட ஆயுளுக்கு எதை நம்பலாம்?

சித்தப்பாவுக்கு 68 வயது. மூன்று மாதம் முன்பு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, வாரத்தின் ஏழு நாளுக்கும் தனித்தனி மூடி போட்ட மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார். ஒரு நாளைக்குப் பதினொன்று. ரெஸ்வெரட்ரால், வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த என்.எம்.என்., மீன் எண்ணெய், மஞ்சள் சத்து, அஸ்வகந்தா என்று வரிசையாக இருந்தன. பக்கத்திலேயே ரத்தப் பரிசோதனைச் சீட்டு. கல்லீரலைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டாராம் டாக்டர். “இதுல எதை மறுபடியும் ஆரம்பிக்கலாம்னு நீ பார்த்துச் சொல்லும்மா” என்றார்.

அவருக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆயுளை நீட்ட நினைப்பவர்கள் முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: கலோரியை எண்ணிக் குறைப்பது, மாத்திரை, ஜப்பானின் ஒகினாவா முதியவர்களின் சாப்பாடு. மூன்றிடமும் நான் கேட்டது இரண்டே கேள்வி. யாரிடம் சோதித்தார்கள்? பதிலுக்கு நம் உடம்பிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது?

கலோரிக் குறைப்புக்குத்தான் வயது அதிகம். 1935-லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே குழுவினர் எலிகளுக்குச் சத்துக் குறையாமல் தீனியை மட்டும் குறைத்தார்கள். அவை கூடுதல் காலம் வாழ்ந்தன. அப்புறம் குரங்குகளிடம் போனார்கள். இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. 1980-களின் இறுதியில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளுக்கு 30 சதவீதம் வரை உணவைக் குறைத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2009-ல் பலன் தெரிகிறது என்றது. அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012-ல் ஆயுள் கூடவில்லை என்றது. ஏன் இந்த முரண்? முக்கியமான வித்தியாசம் தீனியில் இருந்தது. விஸ்கான்சின் தீனியில் சர்க்கரை சுமார் 28 சதவீதம். மற்ற இடத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதோடு, விஸ்கான்சினில் ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகள் வேண்டிய அளவு தின்றன. மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளந்துதான் கொடுத்தார்கள். அதாவது, சர்க்கரைத் தீனியை வயிறு முட்டத் தின்பதைக் குறைத்தால் நன்மை தெரிகிறது. ஏற்கெனவே அளவாக, நல்லதாகச் சாப்பிடுபவர் இன்னும் வயிற்றைக் காயப்போட்டால் ஆயுள் கூடுமா என்பதற்கு அந்தக் குரங்குகள் தெளிவான ஆதாரம் தரவில்லை.

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். கேலரி என்ற ஆய்வில் 21 முதல் 50 வயது வரையிலான 218 பேர், இரண்டு ஆண்டுகள். 25 சதவீதம் குறைப்பது இலக்கு. அத்தனை உதவி இருந்தும் அவர்களால் குறைக்க முடிந்தது சராசரியாக 12 சதவீதம்தான். ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் நன்றாகக் குறைந்தன. முதுமையின் வேகத்தை அளக்கும் ஒரு டி.என்.ஏ. கணக்கில் 2 முதல் 3 சதவீதம் வேகம் குறைந்தது. வேறு இரண்டு கணக்குகளில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தி குறைந்தது. முப்பத்தைந்து வயதுக்காரர் அதைத் தாங்கிக்கொள்ளலாம். அறுபத்தெட்டில் குளியலறையில் ஒருமுறை வழுக்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்தப்பாவுக்கு இந்த வழியை முதலில் அடித்துவிட்டேன்.

சரி, மாத்திரைக்கு வருவோம். பணம் அதிகம் புரள்வது இங்கேதான்.

ரெஸ்வெரட்ரால் என்பது திராட்சைத் தோலில் இருக்கும் ஒரு பொருள். ஈஸ்ட் நுண்ணுயிரின் ஆயுளை அது நீட்டுகிறது என்று 2003-ல் ஹார்வர்டின் டேவிட் சின்க்ளேர் குழு எழுதியதும் உலகமே பரபரப்பானது. அதை நம்பி வளர்ந்த சர்ட்ரிஸ் நிறுவனத்தை கிளாக்ஸோஸ்மித்க்லைன் 2008-ல் 72 கோடி டாலருக்கு வாங்கி, 2013-ல் அதன் அலுவலகத்தை மூடியது. அமெரிக்க அரசின் ஆதரவில் மூன்று ஆய்வகங்கள் ஒரே நேரத்தில், ஒரே முறையில் எலிகளிடம் சோதிக்கும் ஐ.டி.பி. என்ற திட்டம் இருக்கிறது. ஒரு ஆய்வகத்தின் அதிர்ஷ்டம் இங்கே எடுபடாது. ரெஸ்வெரட்ரால் அதில் தேறவில்லை. என்.எம்.என்.-இன் நெருங்கிய உறவான நிகோடினமைடு ரைபோசைடும் தேறவில்லை.

தேறியது ராபமைசின். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த மருந்து. அத்தீவின் பெயரான ராப்பா நூயியிலிருந்து இந்தப் பெயர். வயதான எலிகளுக்குக் கொடுத்தபோதும் ஆயுள் கூடியதை 2009-ல் அறிவித்தார்கள். ஆனால் அதே மருந்தை மனிதர்களுக்குக் கொடுப்பது, மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்குவதற்காக. ஆயுளுக்காக ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் செலவழிப்பதாகச் சொல்லும் பிரையன் ஜான்சன், ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இதை எடுத்துவிட்டு 2024-ல் நிறுத்தினார். தோல் தொற்று, கொழுப்பு, சர்க்கரை அளவில் கோளாறு, ஓய்விலும் கூடிய இதயத் துடிப்பு என்று அவரே காரணம் சொன்னார். தினமும் உடம்பை அளக்கும் மருத்துவக் குழு அவருக்கு இருக்கிறது. நம் வீட்டில் யார் அளப்பார்கள்?

ஓரிடத்தில் தெரிந்த பலனை மாத்திரைக்கு நீட்டும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பின்லாந்து. பீட்டா கரோட்டின் அதிகமுள்ள காய்கறி தின்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்பதால், 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களைச் சேர்த்து அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவு: மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட்டில் இருக்கும்போது நல்லது, பிரித்தெடுத்து மாத்திரையாக்கினாலும் நல்லது என்ற கணக்கு அங்கே பொய்த்தது. மஞ்சளும் அப்படித்தான். ரசத்தில் போடுவது வேறு. மிளகுச் சத்து சேர்த்து உடம்பு அதிகம் உறிஞ்சும்படி செய்த மாத்திரை வேறு. அவ்வகை மாத்திரைகளாலும் அஸ்வகந்தாவாலும் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. சித்தப்பாவின் டப்பாவில் இரண்டுமே இருந்தன.

மூன்றாவது, ஒகினாவா. 1949 வாக்கில் அந்தத் தீவு மக்களின் கலோரியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்துதான் வந்தது. கூடவே பாகற்காய், டோஃபு, கடற்பாசி, எப்போதாவது பன்றிக்கறி. வயிறு எட்டுப் பங்கு நிறைந்ததும் எழுந்துவிட வேண்டும், இரண்டு பங்கு காலியாக இருக்கட்டும் என்பது அவர்கள் வழக்கம். ‘ஹரா ஹாச்சி பு’ என்பார்கள்.

இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. 1945 போரில் ஒகினாவாவின் பிறப்புப் பதிவேடுகள் பெருமளவு அழிந்தன. 2010-ல் ஜப்பான் தேடிப் பார்த்தபோது, நூறு வயது தாண்டியதாகப் பதிவேட்டில் இருந்தவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே நூறு வயதுக்காரர்களின் எண்ணிக்கையை நான் ஆதாரமாக எடுக்கவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அமெரிக்க ராணுவத் தளங்களோடு பர்கரும் டின் இறைச்சியும் வந்த பிறகு, ஒருகாலத்தில் முன்னணியில் இருந்த ஒகினாவா ஆண்களின் சராசரி ஆயுள், 2000-ல் ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-ஆம் இடத்துக்கு இறங்கியது. அதே தீவு, அதே ரத்தம். மாறியவற்றில் பெரியது சாப்பாடு. இது சோதனைச்சாலை நிரூபணம் இல்லைதான். ஆனாலும் மூன்று வழிகளில், மனிதர்கள் ஆயுள் முழுக்க வாழ்ந்து பார்த்தது இது ஒன்றுதான்.

அதை அப்படியே எடுத்துத் தட்டில் வைக்கவும் முடியாது. அந்த உணவில் புரதம் சுமார் 9 சதவீதம், நாளுக்கு 40 கிராம் அளவுதான். வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று முதுமை மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். சித்தப்பா 62 கிலோ. 40 கிராமில் அவர் தசை கரைந்துவிடும்.

அதனால் கிழங்கை வைத்துக்கொண்டு மற்றதை நம் வீட்டுக்கு மாற்றினோம். காலையில் இரண்டு முட்டை. மதியம் சோறு பாதியாகி, பருப்பும் பாகற்காயும் கூடின. இரவு ஏழரைக்குள் சாப்பாடு முடிந்துவிடுகிறது. போன வாரம் எடுத்த பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 38-க்கு இறங்கியிருக்கிறது. டப்பாவில் இப்போது ரத்த அழுத்த மாத்திரை மட்டும் இருக்கிறது.

மீன் எண்ணெயையாவது வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். “வாரத்துல ரெண்டு நாள் மத்தி வாங்குங்க சித்தப்பா” என்றேன். சித்தி குழம்பு வைக்கிறார்.