எக்ஸ்ரே லேசரும் திரவத் தாரையும்: சில வருட அனுபவம்

ஹாம்பர்க் பக்கத்தில் ஷெனஃபெல்டில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்ரே லேசருக்குப் புரதத்தின் அமைப்பைப் பார்க்க அதன் நுண்படிகங்களோடு நான் முதன்முதலில் போனது 2018-ல். அதன் பிறகு பலமுறை பீம்டைம், அதாவது லேசரைப் பயன்படுத்த ஒதுக்கும் நேரம், கிடைத்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, புரதத்தை உறைய வைக்க வேண்டாம் என்பதுதான். அறை வெப்பத்தில், ஈரத்தோடு, கரைசலிலேயே படமெடுக்கலாம். லேசர் துடிப்புத் துடிப்பாக வரும்; ஒரு துடிப்பு சில பத்து ஃபெம்டோநொடிதான் (ஃபெம்டோநொடி என்பது நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு). படிகம் வெடித்து அழிவதற்குள், அதில் பட்டுச் சிதறிய எக்ஸ்ரே, அதைப் பதிவுசெய்யும் டிடெக்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

லேசர் எங்களைக் கைவிட்டது அபூர்வம். கஷ்டமெல்லாம், படிகங்கள் மிதக்கும் கரைசலை லேசரின் பாதையில் தாரையாகப் பீய்ச்சும் குழல்முனையில், அதாவது நாசிலில்தான். ஹீலியம் சூழ்ந்து அழுத்த, சில மைக்ரான் தடிமனில் தாரை வெற்றிடத்துக்குள் பாய்கிறது. கொஞ்சம் தள்ளாடினால் போதும், நுனியில் பனிக்கட்டி வளர ஆரம்பித்துவிடும். அதன்மேல் லேசர் பட்டால் எழும் பளீர் சிதறல் டிடெக்டரையே கெடுக்கக்கூடியது. அதனால் ஷிஃப்ட் முழுக்க ஒருவர் கேமராவை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். ஓர் இரவு சிரிஞ்சுக்குள் படிகங்கள் அடியில் தங்கிவிட்டன. வெறும் கரைசலைத்தான் சுட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிய அரைமணி நேரமானது. இப்போது சிரிஞ்சைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் கருவி இல்லாமல் நான் தொடங்குவதில்லை. படிகங்களை முன்னாலேயே வடிகட்டிவிடுங்கள், மாற்று நாசில்களைத் தாராளமாகக் கொண்டுபோங்கள்.

என் பெரிய மனக்குறை சாம்பிள் வீணாவது. துடிப்புகள் நொடிக்கு 10 கொத்துகளாக வருகின்றன, ஒரு கொத்து 1 மில்லிநொடிகூட நீடிப்பதில்லை. கொத்துக்குள் ஒவ்வொரு துடிப்பும் தாரையை வெடித்து அறுக்கிறது. மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் (நொடிக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில்) அடுத்த துடிப்பு வருமுன் புதுத் திரவம் அங்கே வந்தாக வேண்டும், அதற்குத் தாரை நொடிக்கு 50 மீட்டர் அளவிலாவது ஓட வேண்டும். அந்த வேகத்திலேயே மீதி 99 மில்லிநொடியும் ஓடி, மாதக்கணக்கில் வளர்த்த படிகங்கள் ஒளியே படாமல் போய்விடுகின்றன. பார்க்கவே மனம் வலிக்கும்.

செல் சவ்வில் இருக்கும் சவ்வுப் புரதம் என்றால் பற்பசை போன்ற லிப்பிட் (கொழுப்பு) ஊடகத்தில் மெதுவாகத் தள்ளலாம், சாம்பிள் பெருமளவு மிச்சம். ஆனால் அது ஜப்பானின் சாக்லா எக்ஸ்ரே லேசர் போலச் சில பத்து ஹெர்ட்ஸில் துடிக்கும் இடங்களுக்குத்தான் பொருந்தும். மெகாஹெர்ட்ஸுக்கு ஈடுகொடுக்காது.

இப்போது எண்ணெய்க்கு நடுவே சாம்பிளைத் துண்டு துண்டாக அனுப்பும் முறையை ஆய்வகத்தில் முயன்றுவருகிறோம். துளிகள் சீராக வருகின்றன. கொத்து வரும் கணத்தோடு அவற்றை ஒத்துவரச் செய்வதுதான் இன்னும் கைகூடவில்லை.