திரையில் ஒட்டும், தரையில் ஒட்டாது: குழாய் மென்பொருளோடு நாலு வருஷம்

ஹட்டனில் இருந்துகொண்டு, கணினியில் குழாய்ப் பாதை வரையும் மென்பொருள் ஒன்றை நாலு வருஷமாகப் பாவிக்கிறேன். பெரும்பாலும் தோட்டக் குடிநீர் வேலை: மேலே ஊற்று, நடுவில் தாங்கி, கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் தண்ணீர்ப் பீலி. இடைக்கிடை நுவரெலியாப் பக்கத்து ஹோட்டல்களின் கழிவுநீர்க் குழாய்களும் வரும். நேர்க்குழாய் இழுப்பதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு குழாயை இன்னொன்றோடு சேர்க்கும் இடத்தில்தான் வயிறு எரியும்.

மலையில் குழாய் பக்கவாட்டில் திரும்பும்போதே கீழேயும் இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, மென்பொருள் தன்பாட்டில் 37 பாகை எல்போ (வளைவுத் துண்டு) ஒன்றைச் செருகிவிடும். பார்க்க வடிவாக இருக்கும். பொருள் பட்டியலிலும் ஏறிவிடும். முதல் வருஷம் அந்தப் பட்டியலை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன். குழாய் போடும் தொழிலாளியான பாஸ், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எந்தக் கடையில விக்குது?” என்றார். கடையில் இருந்தவை 90, 45 இரண்டும்தான். அவர் 63 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயை நெருப்பில் வாட்டி வளைத்துச் சமாளித்தார். அப்படி வளைத்தால் வெளிவளைவில் சுவர் மெலிந்துவிடும். 60 மீற்றர் இறக்கம் என்றால் அடியில் ஏறத்தாழ 6 பார் அழுத்தம். டைப் 600 குழாயின் எல்லையே அவ்வளவுதான். அந்த மழைக்காலம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை.

பிறகு, 45, 90 தவிர வேறு பாகை வரக்கூடாது என்று அமைப்பில் கட்டிவைத்தேன். சரி, முடிந்தது என்று பார்த்தால், இப்போது எல்போவே வராது. ‘இணைக்க வழியில்லை’ என்று ஒரு பெட்டி திறக்கும். ஏன் வழியில்லை என்று கேட்டால் பதில் இல்லை. கழிவுக் குழாயில் இது இன்னும் மோசம். 60க்கு 1 சரிவு என்பது ஒரு பாகைகூட இல்லை. அந்த ஒரு பாகைக்காக செங்குத்தான நிலைக்குழாயில் உள்ள டீ (T வடிவ இணைப்பு) முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நிஜத்தில் பாஸ் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது, ஒட்டின மாதிரி இருந்து ஒட்டாமல் கிடப்பது. ஒரு தடவை நீரோட்டக் கணக்கை ஓடவிட்டேன்; கீழ்ப்பிரிவு லயங்கள் அத்தனைக்கும் பூச்சியம். மேலே தாங்கி நிறையத் தண்ணீர்! இரவு 11 மணிவரை தேடி, கடைசியில் டீயைப் பெரிதாக்கிப் பார்த்தால் 2 மில்லிமீற்றர் இடைவெளி. 63 மில்லிமீற்றர் குழாயை 50க்குச் சிறிதாக்கும் ரெடியூசருக்கு அங்கே இடம் போதவில்லை. அதனால் அது உட்காராமல், குழாய் முனை சும்மா சாய்ந்து நின்றிருக்கிறது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. இதற்கு நான் கண்ட வைத்தியம்: குழாயை ஒரு மீற்றர் தள்ளி இழுத்து, அங்கே இணைத்து, அப்புறம் மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பத்தில் எட்டுத் தடவை வேலை செய்யும்.

கூடவரும் உதிரிப்பாக நூலகமும் நம்ம ஊருக்கானதல்ல. தாங்கி வாயிலில் இரண்டு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், வெளிவிட்டம் 60.3 மில்லிமீற்றர். அதோடு 63 பி.வி.சி.யைச் சேர்க்க இங்கே வால்வ் சொக்கட் என்ற மரை போட்ட இணைப்புத் துண்டை வைத்து முறுக்குவோம். மென்பொருளோ வழுவழுப்பான ரெடியூசர் ஒன்றைக் காட்டி முடித்துவிடும். மரை போட்ட பாகத்தைத் தேடி எடுத்தால் அது அமெரிக்க மரை, பல்லின் கோணம் 60 பாகை. நம்ம கடையில் இருப்பது 55 பாகை பிரிட்டிஷ் மரை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வால்வ் சொக்கட்டை நானே வரைந்து சேர்த்தேன்.

விட்டுவிட்டேனா என்றால், இல்லை. குழாயின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நெடுவெட்டுப் படத்தைக் கையால் வரைய இனி எனக்குப் பொறுமை கிடையாது. தானாக இணைப்பதை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். பொருள் பட்டியல் இப்போது பொறியியலாளருக்கு முன்னால் பாசிடம் போகிறது. போன மாதம் மூன்று ரெடியூசரை வெட்டிவிட்டு, நான் மறந்துபோன ஒரு யூனியனை (கழற்றிப் பூட்டும் இணைப்பு) பென்சிலால் எழுதித் தந்தார்.